விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு லிபர்டேரியன்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்; பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இன்ஸ்டாகிராம் பயோவில் 'லிபர்டேரியன்' என்று போட்டிருக்கிற ஒரு நண்பராவது உங்களுக்கு இருப்பார். அவர்கிட்ட "நீ ரைட் விங்கா?"ன்னு கேட்டா "இல்ல"ம்பார். "அப்போ லெஃப்ட்டா?"ன்னு கேட்டா சிரிப்பார். "சரிப்பா, கார்ப்பரேட்டுக்கு ஆதரவு, அவ்வளவுதானே?"ன்னு கேட்டா கோபம் வரும். "அது வேற, இது வேற." எப்படி வேற? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

வழக்கமா இதை அமெரிக்காவை வச்சு விளக்குவாங்க. துப்பாக்கி, கஞ்சா, வருமான வரி. கேட்க ஜாலியா இருக்கும், நம்ம ஊருக்கு ஒட்டாது. அதனால நாம விருத்தாசலத்துக்குப் போகலாம். சென்னையிலிருந்து திருச்சி போகிற ரயிலில் பாதித் தூக்கத்தில் கடந்துபோவீங்களே, அந்த ஜங்ஷன்.

அரசு போட்ட பேட்டை

விருத்தாசலத்துக்குப் பழைய அடையாளம் விருத்தகிரீஸ்வரர் கோயில். புதிய அடையாளம் பீங்கான். மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், கொலு பொம்மை, விளக்கு மாதிரியான சாமான்களைச் சின்னச் சின்ன யூனிட்டுகளில் செய்கிற ஊர். இந்தத் தொழில் அங்கே தானா முளைச்சதில்லை. மாநில அரசு இடம் ஒதுக்கி செராமிக் தொழிற்பேட்டை அமைச்சது. செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ தர்ற அரசு நிறுவனமும் அதே ஊரில் இருக்கு. காமராஜர் முதல்வர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர் என்றிருந்த காலத்தில், 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. சின்ன முதலாளிக்கு இடமும் ஷெட்டும் கரண்டும் அரசு கொடுத்தால் தொழில் வளரும் என்கிற அந்த யோசனையின் இன்னொரு கிளைதான் விருத்தாசலம்.

பக்கத்து ஊர் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கும். சுரங்கம் 1956-இல் தொடங்கின மத்திய அரசு நிறுவனமான என்.எல்.சி.யுடையது. பீங்கான் ஃபியூஸுக்குப் பெரிய வாடிக்கையாளர் யாருன்னு பார்த்தா மின்வாரியம். அதுவும் அரசு.

ஆக இடம், படிப்பு, பக்கத்துச் சுரங்கம், வாடிக்கையாளர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அரசு நிற்கிற ஊர். ஒரு லிபர்டேரியனை இங்கே ரயிலில் இருந்து இறக்கிவிட்டால் என்ன கேட்பார்?

"இந்தத் திட்டம் ஜெயிச்சுதா தோத்துதா?" என்று கேட்க மாட்டார். அது பொருளாதார நிபுணரோட கேள்வி. "இதுக்கான பணத்தைக் கொடுத்தவங்க விருப்பப்பட்டுக் கொடுத்தாங்களா?" இதுதான் அவரோட முதல் கேள்வி. வரி கட்டாட்டி அபராதம், அதையும் கட்டாட்டி ஜப்தி, கடைசியில் ஜெயில். அப்படின்னா பேட்டையில் நிற்கிற ஒவ்வொரு ஷெட்டுக்குப் பின்னாடியும் ஒரு கட்டாயம் இருக்கு. யாரை யார் கட்டாயப்படுத்தலாம், எந்த உரிமையில்? லிபர்டேரியனிசத்துக்கு இந்த ஒரு கேள்விதான் அடித்தளம். அவங்க பதில்: திருட்டு, மோசடி, அடிதடி, கொலை, ஒப்பந்தத்தை மீறுவது, இவற்றைத் தடுக்க மட்டும் கட்டாயத்தைப் பயன்படுத்தலாம். அதைத் தாண்டி யாருக்கும் உரிமை இல்லை. அரசுக்கும் இல்லை.

ஒரே சூளை, ஆளுக்கு ஒரு பதில்

கற்பனையா ஒரு யூனிட் எடுத்துக்குவோம். ஒரு அக்கா நடத்துறாங்க. பத்துப் பேர் வேலை செய்றாங்க. ஒரு சூளை, ஒரு அரவை மிஷின், கொஞ்சம் கடன்.

சோஷலிஸ்ட் வந்தால் சூளை யாருடையது என்று ஆரம்பிப்பார். பத்துப் பேர் உழைப்பில் வருகிற லாபம் ஒருத்தருக்குப் போறதே தப்பு. அக்கா நல்லவங்களா கெட்டவங்களா என்பது இரண்டாம்பட்சம். நமக்குப் பழக்கமான நலத்திட்ட அரசியல், அதாவது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் கட்சியும் பேசுறது, சூளையை அக்காகிட்டயே விட்டுடும். ஆனா குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ், ரேஷன் அரிசி எல்லாம் வேணும் என்கும். சொத்து உன்னுது, அதில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்தக் கணக்கு.

பழமைவாதிக்குச் சூளையைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. குடும்பம், சாமி, ஊர்க்கட்டுப்பாடு நிலைச்சிருக்கணும். அதுக்கு அரசு கையில் கோல் எடுக்கலாம். யாரு யாரைக் கட்டிக்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதிலெல்லாம் சட்டம் பேசலாம் என்பார்.

இன்னொருத்தர் கோட்டு சூட்டோட வருவார். "பத்துப் பேர் யூனிட்டை வச்சு என்ன பண்றது? பெரிய கம்பெனியைக் கூப்பிடுங்க. சலுகை விலையில் நிலம், பத்து வருஷம் வரி விலக்கு, தடையில்லா மின்சாரம்." இவரைத்தான் நாம லிபர்டேரியன்னு தப்பா நினைக்கிறோம். லிபர்டேரியனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. கம்பெனிக்கு ஆதரவா இருக்கிறதும் சந்தைக்கு ஆதரவா இருக்கிறதும் அவங்களுக்கு எதிரெதிர். அக்காகிட்ட வரி வாங்கி, அக்காவோட போட்டிக்காரனுக்கு மானியம் கொடுக்கிறது எந்த ஊர் நியாயம்?

லிபர்டேரியன் சொல்றது: குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். தொழிலாளர்கள் சங்கம் வைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், அது அவங்க விருப்பம். அக்கா வேற ஆள் எடுக்கலாம், அது அவங்க விருப்பம். சாயங்காலம் குடிக்கிறியா, குடி. பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழறாங்களா, வாழட்டும். எந்தக் கதவையும் அரசு தட்டக்கூடாது. பணத்தில் 'வலது' மாதிரியும் படுக்கையறையில் 'இடது' மாதிரியும் தெரியறது இதனாலதான். அவங்களைக் கேட்டா இரண்டுமே ஒரே விதிதான்.

டேவிட் நோலன் என்கிற அமெரிக்கர் இந்தக் குழப்பத்துக்காகவே ஒரு வரைபடம் போட்டார். இடது வலதுன்னு ஒரே கோடு போதாது, இரண்டு கோடு வேணும்: ஒன்று பொருளாதாரச் சுதந்திரம், இன்னொன்று தனிமனிதச் சுதந்திரம். இரண்டிலும் உச்சத்தில் இருப்பவர் லிபர்டேரியன். 1971-இல் அங்கே லிபர்டேரியன் கட்சி தொடங்கினவர்களில் அவரும் ஒருத்தர், அதனால் வரைபடத்தில் தன் ஆட்களை உச்சியில் வச்சதில் ஆச்சரியம் இல்லை!

அராஜகவாதியிடமிருந்தும் இவங்களைப் பிரிக்கணும். அராஜகவாதிக்குப் போலீசும் கோர்ட்டும்கூட வேண்டாம். ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் 1974-இல் எழுதின 'அராஜகம், அரசு, கற்பனை உலகு' புத்தகத்தில் அந்த இடத்துக்கு முன்னாடியே நின்னுட்டார். காவலுக்கும் ஒப்பந்தத்தைக் காப்பாற்றவும் மட்டும் ஒரு மிகச் சிறிய அரசு, அதுக்கு மேல ஒண்ணும் கூடாது. லிபர்டேரியன்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற ஹயக் அவ்வளவு தூரம்கூடப் போகலை. யாரும் பட்டினி கிடக்காத அளவுக்கு ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பை அரசு தரலாம் என்று அவர் ஒத்துக்கிட்டார். இந்தக் குடும்பத்துக்குள்ளயே சண்டை உண்டு.

ராஜாஜி பாதி வழி வந்தார்

தமிழ்நாட்டில் இதுக்குப் பக்கத்தில் வந்த பெரிய அரசியல்வாதி ராஜாஜி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது நம்ம ஆவடியில். 1959 ஜனவரியில் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம். அதே வருஷம், எண்பது வயசில், ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி முக்கியத் தளபதி. தொழில் தொடங்க லைசென்ஸ், மூலப்பொருளுக்கு பர்மிட், உற்பத்திக்கு கோட்டா என்று போன ஆட்சிமுறைக்கு 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்'னு ராஜாஜி வச்ச பேர் இன்னைக்கும் பத்திரிகைகளில் உயிரோட இருக்கு.

சும்மா பேச்சு மட்டும் இல்லை. 1952-இல் சென்னை மாகாண முதல்வரானதும் அவர் எடுத்த பெரிய முடிவு உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினது. பஞ்சமும் பதுக்கலும் வந்துடும்னு எச்சரிச்சவங்க நிறைய பேர். அவர் சந்தையை நம்பினார்.

அதே மனுஷர் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தவர். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கினவர். 1953-இல் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில், மீதி நேரம் பெற்றோர் தொழிலில் என்று திட்டம் போட்டு, 'குலக்கல்வி' என்ற பேரோடு அது எதிர்ப்பில் மாட்டி, 1954-இல் பதவியை விட்டவர். நோலன் வரைபடத்தில் அவரை வச்சுப் பாருங்க. பொருளாதாரக் கோட்டில் மேலே, தனிமனிதக் கோட்டில் கீழே. லிபர்டேரியனுக்குச் சாராயக்கடையும் அரிசிக்கடையும் ஒரே விஷயம்தான், ராஜாஜிக்கு இல்லை. அவரைச் சந்தையை நம்பின பழமைவாதின்னு சொல்றது எனக்குச் சரியாப் படுது.

கட்சியும் அப்படித்தான். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி முதல் பம்பாய்த் தொழிலதிபர்கள் வரை உள்ளே இருந்தாங்க. 1967-இல் மக்களவையில் 44 இடம். சென்னைச் சட்டமன்றத்தில் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 இடம். அந்தக் கூட்டணியின் தலைமைக் கட்சி ஜெயிச்சது எந்த வாக்குறுதியோட? ரூபாய்க்கு ஒரு படி அரிசி. ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்த மனுஷரோட கட்சி, மானிய அரிசியோட தோளில் ஏறிச் சட்டமன்றம் போச்சு. ராஜாஜி 1972-இல் இறந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைஞ்சது.

தனிமனிதக் கோட்டில் நம்ம ஊரில் உச்சத்தில் நின்றவர் பெரியார் என்று ஒருத்தர் வாதாடலாம். புரோகிதர் இல்லாத திருமணம், பெண் விருப்பப்படி வாழ்க்கை, கருத்தடை. ஆனா சமூகத்தை மாற்ற அரசுச் சட்டத்தைத் தயங்காம கேட்டவர் அவர். காரணம் இருக்கு, அதுக்கு வர்றேன்.

நிலம் யாருது?

விருத்தாசலத்தை விட்டு நெய்வேலிப் பக்கம் வருவோம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பச்சையா நின்ற நெற்பயிர் மேல என்.எல்.சி.யோட மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுற வேலை. நிலத்தைப் பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தாச்சு என்றது நிறுவனம். பயிர் நிற்கும்போதா என்று கேட்டாங்க விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் நீதிபதி வேதனையைச் சொன்னார்.

இடதுசாரி இதில் விவசாயி பக்கம். லிபர்டேரியனும் அதே பக்கம்! காரணம்தான் வேற. விவசாயி ஏழை என்பதால் அவர் அங்கே நிற்கலை. விற்க மாட்டேன்னு சொல்கிறவர்கிட்ட இருந்து வாங்கினால் அது வாங்குறது ஆகாது, அதனால் நிற்கிறார். 2013 நிலம் எடுப்புச் சட்டத்தில் தனியார் திட்டத்துக்கு 80 சதவீத நில உரிமையாளர்கள் சம்மதம் வேணும், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம். அரசு தனக்கே எடுத்தால் சம்மதமே தேவையில்லை. லிபர்டேரியன் கணக்கில் மூணும் தப்பு: நூத்துக்கு நூறு வேணும். அப்படின்னா சுரங்கமே வராதேன்னு கேட்டா, "வராது"ன்னு சொல்ற தைரியம் இருக்கிறவர்தான் கொள்கைக்கு நேர்மையானவர். பல பேர் இந்த இடத்தில் நழுவுவாங்க.

சட்டத்தோட போக்கு இவங்களுக்கு எதிராத்தான் போயிருக்கு. சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையா இருந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை நீக்கி, 300-ஏ பிரிவில் சாதாரணச் சட்ட உரிமையாக்கிடுச்சு.

நெய்வேலியில் இன்னொரு கதையும் உண்டு. 2013-இல் மத்திய அரசு என்.எல்.சி. பங்குகளில் கொஞ்சத்தை விற்கப் பார்த்தது. தொழிலாளர்கள் கொதிச்சாங்க. ஜெயலலிதா அரசு என்ன பண்ணுச்சு? மாநில அரசு நிறுவனங்களை வச்சு 3.56 சதவீதப் பங்குகளை வாங்கிடுச்சு. ஒரு அரசு விற்றதை இன்னொரு அரசு வாங்கினது. தமிழ்நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் அதைத் தப்புன்னு சொல்லலை. லிபர்டேரியன் இங்கே ஏன் தனியாளா இருக்கார் என்பதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கலை.

இடறுகிற இடங்கள்

அக்காவோட யூனிட்டுக்குத் திரும்புவோம். பீங்கானுக்கு அரைக்கிற மாவில் சிலிக்கா இருக்கு. அந்தத் தூசியை வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ் வரும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும், சரிசெய்ய மருந்து கிடையாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. லிபர்டேரியன் பதில் இரண்டு. ஒண்ணு, ஆபத்தைச் சொல்லிட்டு வேலைக்கு எடு, சம்மதிச்சவங்க கூடுதல் கூலிக்கு வரட்டும். இரண்டாவது, தூசி இருக்கிறதை மறைச்சா அது மோசடி, கோர்ட்டுக்குப் போகலாம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா இந்த நோய் பெரும்பாலும் பத்து இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள யூனிட் மூடியிருக்கும், ஆள் நாலு இடம் மாறியிருப்பார். யார் மேல கேஸ் போடுறது? இன்ஸ்பெக்டர் வந்து மாஸ்க்கும் காற்றிழுக்கும் விசிறியும் இருக்கான்னு பார்க்கிறது கட்டாயம்தான். ஆனா அந்தக் கட்டாயம் நோய்க்கு முன்னாடி வருது. கோர்ட் நோய்க்குப் பின்னாடி வருது. என்னைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் லிபர்டேரியன் தோத்துப்போறார்.

தெருமுனை டீக்கடையில் இன்னும் கஷ்டம். கடை தனியார் சொத்து. கடைக்காரர் ஒரு சாதியினருக்குத் தனிக் குவளை வச்சா? லிபர்டேரியன் விதிப்படி அவர் யாரையும் அடிக்கலை, ஏமாத்தலை. தன் சொத்தில் யாருக்கு எப்படிக் கொடுக்கணும்னு முடிவு பண்றார். அருவருப்பான செயல், புறக்கணியுங்க, பக்கத்தில் வேற கடை போடுங்க, ஆனா சட்டம் வேண்டாம். இது கட்டுக்கதை இல்லை: 1964-இல் அமெரிக்க செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டதுக்குச் சொன்ன காரணம் கிட்டத்தட்ட இதுதான், தனியார் கடைகளையும் வேலைக்கு ஆள் எடுப்பதையும் மத்திய அரசு கட்டுப்படுத்தக் கூடாது என்று.

நம்ம அரசியல் சாசனம் இதை ஒத்துக்கலை. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்குது. 15-ஆவது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளம் வரைக்கும் வருது. அரசை மட்டும் கட்டுப்படுத்துகிற சாசனம் இல்லை இது, ஊரையும் கட்டுப்படுத்துது. ஏன்னா இந்த மண்ணில் மனுஷனை அதிகமா கட்டாயப்படுத்தினது தாசில்தார் ஆபீஸ் இல்லை, ஊர். ஊரே சேர்ந்து ஒருத்தருக்கு டீ கொடுக்க மாட்டேன்னு முடிவெடுத்தா அங்கே 'வேற கடை' எங்கே இருக்கும்? பெரியாரும் அம்பேத்கரும் அரசிடம் சட்டம் கேட்டது இதனாலதான்.

இன்னும் ஆழமா ஒரு சிக்கல். சொத்துரிமை புனிதம்னா, சொத்து முதலில் எப்படி வந்தது? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு ஆங்கிலேய அரசு பட்டியல் சாதியினருக்குப் பஞ்சமி நிலம் கொடுத்தது. குறிப்பிட்ட வருஷத்துக்கு விற்கக் கூடாது, அப்புறமும் அந்தச் சமூகத்தினருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. லிபர்டேரியன் கண்ணில் இந்த நிபந்தனை உரிமையைப் பாதியா வெட்டுது: என் நிலம், யாருக்கு விற்றால் உனக்கென்ன? ஆனா நிபந்தனை இருந்தும் அந்த நிலங்களில் நிறைய மற்றவங்க கைக்குப் போயிருக்கு, கடனிலும் மிரட்டலிலும் ஏமாற்றிலும். நோசிக் இதை உணர்ந்தவர். அநியாயமா கைமாறின சொத்துக்குத் திருத்தம் வேணும்னு அவர் புத்தகத்திலேயே ஒரு கொள்கை வச்சிருக்கார். எப்படித் திருத்துறதுன்னு மட்டும் விரிவா சொல்லலை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாட்டில் நேர்மையா அமல்படுத்தினா பஞ்சமி நில மீட்புக் கூட்டத்தில் லிபர்டேரியன்தான் முதல் வரிசையில் உட்காரணும். நான் இதுவரைக்கும் அங்கே யாரையும் பார்க்கலை.

கடைசியா, "நம்ம நாட்டில் லிபர்டேரியன் கட்சி ஏன் இல்லை?" என்ற கேள்வி. ஓட்டு விழாது என்பது ஒரு காரணம். சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கு. 1989-இலிருந்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவுப்படி தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கிற எந்தக் கட்சியும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு விசுவாசமா இருப்போம்னு தன் கட்சி விதிகளில் எழுதிக் கொடுக்கணும். சுதந்திரா கட்சியை மறுபடி உயிர்ப்பிக்க நினைச்சவங்க இதை எதிர்த்து 1990-களில் பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. விதி இன்னைக்கும் இருக்கு. பயோவில் 'லிபர்டேரியன்'னு போட யாரும் தடுக்க மாட்டாங்க. பேலட்டில் அந்தப் பேரில் நிற்கணும்னா முதலில் சோஷலிசத்துக்குக் கையெழுத்துப் போடணும்.

உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. விருத்தாசலம், நெய்வேலிப் பக்கம் இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, அந்த அக்காவோட யூனிட் கணக்கை நான் எங்கேயாவது எளிமையாக்கிட்டேனான்னு சொல்லுங்க.